அங்கவடி இல்லாத குதிரை

பிள்ளைகள் படிக்கும் முதல் வரலாற்று நூல் அவர்களுடைய விளையாட்டுப் பொருள்களே என்று சொன்னால் அது மிகையாகாது. பாடப் புத்தகத்தின் முதல் ஏட்டைப் புரட்டுவதற்கு நெடுநாள் முன்பே, கோட்டை எவ்வாறு இருக்கும், அரசன் எங்கே நிற்பான், பகைவன் எத்திசையிலிருந்து வருவான் என்பவற்றையெல்லாம் பிள்ளை தன் பொம்மைகளிடம் கற்றுக்கொண்டு விடுகிறது. பின்னால் வரும் ஆசிரியர் எவ்வளவுதான் எடுத்துரைத்தாலும், முதலில் பதிந்த அந்தச் சித்திரம் எளிதில் அழிவதில்லை.

வகுப்பறையில் முப்பது ஆண்டுகள் புறப்பொருள் நடத்தியவன் நான். மதிலை வளைப்போன் சூடுவது உழிஞை என்றும், மதிலைக் காப்போன் சூடுவது நொச்சி என்றும் எத்தனையோ மாணவர்க்குச் சொல்லியிருக்கிறேன். ஓய்வுபெற்ற பின்னர், மந்தைவெளியில் என் மகள் வீட்டுக் கூடத்தில், பிளாஸ்டிக் கட்டைகளால் ஆன ஒரு கோட்டையின் முன் சம்மணமிட்டு அமர்ந்து, அந்த உழிஞையையும் நொச்சியையும் மீண்டும் எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அதனை இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

கட்டைக் கோட்டை

லெகோ என்னும் அடுக்குக் கட்டைகளை இன்றைய இளைஞர் அனைவரும் அறிவர். டென்மார்க் நாட்டின் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932இல் தொடங்கிய மரப்பொம்மைத் தொழிலே அதன் மூலம். ஒன்றன்மேல் ஒன்று கவ்வி நிற்கும் கட்டைக்கு 1958இல் காப்புரிமை கோரப்பட்டது. கைகால் அசையும் சிறு மனித உருவமும், மஞ்சள் நிறக் கோட்டை ஒன்றும் 1978இல் வெளிவந்தன. அக்கோட்டையின் குதிரைகள் கட்டைகளை அடுக்கியே செய்யப்பட்டவை. முழுதாக வார்க்கப்பட்ட குதிரை 1984இல் வந்தது. பின்னங்கால்களை ஊன்றி எழும் குதிரையைக் காண 2012 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

என் பேரனும் எதிர்வீட்டுப் பிள்ளையும் சேர்த்து வைத்திருந்த கட்டைகளில் சில தியாகராய நகர்க் கடைகளில் வாங்கியவை. சில வளைகுடா நாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்தவை. பள்ளி விடுமுறையில் இருவரும் கூடி ஒரு கோட்டையை எழுப்பினர். மதில்மேல் வில்லாளர் நிரை. மதிலுக்கு வெளியே குதிரை வீரர் நிரை. உழிஞையும் நொச்சியும் நேர்நேராக நின்றன. அவற்றை அருகிருந்து உற்று நோக்கியபோதுதான் சில உண்மைகள் புலப்பட்டன.

முதலாவது, அந்தக் குதிரை வீரனுக்கு அங்கவடி இல்லை. இருப்பதற்கு இடமும் இல்லை. குதிரையின் முதுகில் ஒரு பள்ளம் விட்டிருக்கிறார்கள். வீரனை அதில் நிமிர்த்தி நிறுத்தினால் அவன் கால்கள் இரண்டும் குதிரையின் உடம்புக்குள் மறைந்துவிடுகின்றன. நம் தஞ்சைப் பொய்க்கால் குதிரையாட்டத்தில் ஆடுபவர் இடுப்பில் கூடு கட்டிக்கொள்வது போலத்தான். ஆனால் அங்கே ஆடுபவரின் கட்டைக்கால்கள் கீழே தெரியும். இங்கே அதுவும் தெரியாது.

இரண்டாவது, அந்த வில்லாளனுக்குக் கட்டைவிரல் இல்லை. பிறை வடிவில் ஒரு பிடி மட்டுமே கையாக இருக்கிறது, முழங்கையும் மடங்குவதில்லை. வில்லும் அம்பும் ஒன்றாகவே வார்க்கப்பட்டிருப்பதால், அவன் அதனை ஒரு கையில் ஏந்தி நிற்கிறானே தவிர நாணை இழுப்பதில்லை. துரோணர் ஏகலைவனிடம் கேட்டுப் பெற்றதை இந்தத் தொழிற்சாலை எல்லோரிடமும் முன்கூட்டியே வாங்கிவிட்டது போலும் என்று நான் நகைத்தேன். பிள்ளைகளுக்கு ஏகலைவன் கதையைச் சொல்லவே அன்றைய மாலை சரியாகப் போயிற்று.

இவற்றைக் குறையென்று சொல்லவில்லை. கட்டைவிரல் அளவே உயரமுள்ள பொம்மையில் எல்லாவற்றையும் காட்ட இயலாது. ஆயினும், விடுபட்டவை அங்கவடியும் கட்டைவிரலும் என்பதே என் சிந்தனையைத் தூண்டியது. இடைக்காலத்துப் போர்க்கலையின் உயிர்நிலை அவ்விரண்டிலுமே இருந்தது.

வில்லின் இரு வகை

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று நடுகற்களைக் காட்டினேன். செங்கம், தருமபுரிப் பகுதிகளில் கிடைத்த நடுகற்களின் செய்தியைத் தமிழ் மாணவர் அறிந்திருக்க வேண்டும். ஆநிரை கவரவோ மீட்கவோ போய் மாண்ட வீரன், ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளுமாக நிற்பான். சில கற்களில் அவன் உடலில் தைத்த அம்புகளையும் காணலாம். அவ்வீரருட் பெரும்பாலோர் தரையில் நின்றே பொருதவர்கள். தரையில் நிற்பவனுக்கு நெடிய வில் ஏற்றது. ஆளுயர வில்லின் ஒரு முனையை நிலத்தில் ஊன்றி, இடக்காலால் அழுத்தி நாணை இழுக்கும் இந்தியக் காலாட்களைப் பற்றிக் கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் குறித்திருக்கிறார்.

குதிரைமேல் இருப்பவனுக்கு அந்த வில் பயன்படாது. ஒரு புறமிருந்து மறு புறம் திருப்பும்போது குதிரையின் கழுத்தில் முட்டும். ஆகவே நடு ஆசியப் புல்வெளிகளில் வேறொரு வில் உருவாயிற்று. மரத்தின் உட்புறம் கொம்பும் வெளிப்புறம் விலங்கின் நரம்பும் பசைகொண்டு ஒட்டிச் செய்த குறுவில் அது. நாண் அவிழ்த்தால் எதிர்ப்புறமாக வளைந்துகொள்ளும் அளவுக்கு அதன் விசை பெரிது. அதன் நாணைக் கட்டைவிரலில் வளையம் அணிந்து இழுப்பர். அங்கவடியில் காலூன்றிச் சேணத்திலிருந்து சற்றே எழுந்து, ஓடும் குதிரையிலிருந்து பின்புறம் திரும்பியும் எய்வர். அங்கவடி இல்லையேல் அந்த எழுச்சி இல்லை; கட்டைவிரல் இல்லையேல் அந்த இழுப்பு இல்லை.

அங்கவடியின் வரலாறும் சுவையானது. சாஞ்சியின் பழஞ்சிற்பங்களில் கால் பெருவிரலை மட்டும் நுழைத்துக்கொள்ளும் கயிற்று வளையத்தைக் காணலாம். வெறுங்காலோடு ஏறும் நாட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. பாதம் முழுவதையும் தாங்கும் அங்கவடி கி.பி. 4ஆம் நூற்றாண்டில் சீனத்தில் காணப்படுகிறது; பின்னர் அது மேற்கே பரவியது. ஆனால் கொம்பு வில்லுக்கு ஒரு பகை உண்டு, அது ஈரக்காற்று. மழையிலும் கடற்காற்றிலும் பசை இளகும். சென்னையில் ஐப்பசி மாதத்தைக் கழித்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

நீர்வழி வந்த செல்வம்

அடுத்து, குதிரை. தமிழகம் நல்ல போர்க்குதிரைகளைப் பெருவாரியாக வளர்த்த நாடன்று. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் குதிரைகள் கடல்வழி வந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. மாணிக்கவாசகர் வரலாறே பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்றதிலிருந்துதான் தொடங்குகிறது. கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் என்ற வணிகர் காணப்படுகின்றனர்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாமிரவருணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகத்துக்கு அரபு, பாரசீகக் குதிரைகள் வந்து இறங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் அந்த வணிக உடன்பாட்டை விரித்துரைக்கிறார். கீஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப வேண்டும். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார். வழியில் இறந்தாலும் அதன் விலையை அரசுக் கருவூலம் தரும். அவருடைய தம்பி தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராகவே இருந்தவர்.

இத்தனை பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் பிழைத்தனவா? அதே காலத்தில் இங்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டின் முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்று எழுதினார். லாடம் கட்டவும் நோய் தீர்க்கவும் வல்லோர் இங்கில்லை என்பதையும், சோற்றை வேகவைத்து இறைச்சியோடு குதிரைக்கு ஊட்டினர் என்பதையும் காரணமாகச் சொல்கிறார். பிற்காலத்தில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியக் குதிரை வணிகர் நூனிஸ் இன்னொரு செய்தி தருகிறார். சாளுவ நரசிம்மர் காலத்தில், கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் கொண்டு வந்து காட்டினாலும் உயிருள்ள குதிரைக்கு உரிய விலை கொடுக்கப்பட்டதாம்.

பிள்ளைகள் இருவரையும் பெரிதும் கவர்ந்தது இந்த வால் கதைதான். “அப்போ குதிரையைப் பாத்துக்கிறவங்கதான் ரொம்ப முக்கியம், இல்லையா தாத்தா?” என்றான் எதிர்வீட்டுப் பிள்ளை. ஆம் என்றேன். அன்றே கோட்டைக்குள் ஒரு லாயம் எழுந்தது. தொட்டி வைத்தனர், சமையலறையிலிருந்து கொள்ளு எடுத்து வந்து சிறு துணிமூட்டை கட்டினர். வாளேந்திய நான்கு உருவங்களின் கையிலிருந்து வாளை எடுத்துவிட்டுத் துடைப்பமும் வாளியும் கொடுத்தனர்.

எந்தப் பக்கம்?

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் கோட்டையைப் பார்த்தார். மதிலுக்கு வெளியே நின்ற குதிரை வீரர்களைச் சுட்டி, என் பேரனின் கன்னத்தைத் தட்டி, “இவங்கதான் உங்க ஆளுங்க” என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் உள்ளத்தில் வஞ்சம் இல்லை; நல்லவர். ஆனால் இரவு உணவுக்குப் பின் பேரன் என்னிடம் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டான்: “நன்னா, நாம எல்லாரும் வெளியேதான் நிக்கணுமா?”

எட்டு வயதுப் பிள்ளையின் அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூறியிருக்கலாம். ஆனால் அவனுக்கு வேண்டியது ஆறுதல் மொழி அன்று; சான்று. எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் அதே சான்று வேண்டும் என்று எண்ணி, மறுநாள் இருவரையும் அமர்த்தி, நான் அறிந்ததைச் சொன்னேன்.

விஜயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் 1424 முதல் 1446 வரை ஆண்டவர். பாமினி அரசோடு நிகழ்ந்த போர்களில் தம் படை பின்வாங்குவது ஏன் என்று அவர் அவை கூட்டிக் கேட்டதாக வரலாற்றாசிரியர் ஃபெரிஷ்தா எழுதுகிறார். பகைவரின் குதிரைகள் வலியவை. அவர்களிடம் தேர்ந்த வில்லாளர் பலர் உளர் என்பதே விடை. உடனே மன்னர் முஸ்லிம் வீரர்களைத் தம் படையில் சேர்த்தார்; அவர்களுக்கு நிலம் வழங்கினார்; தொழுகைக்குப் பள்ளிவாசல் கட்டுவித்தார்; அவர்கள் தமக்கு வணக்கம் செலுத்துவதில் மனத்தடை ஏற்படாவண்ணம் அரியணைக்கு முன் திருக்குர்ஆனை வைத்தார். 2,000 முஸ்லிம் வில்லாளரோடு 60,000 இந்து வீரரும் அக்கலையில் பயின்றனர் என்பது ஃபெரிஷ்தாவின் கணக்கு. எண்ணிக்கை கூடியிருக்கலாம். செய்தி வெறுங்கதையன்று. அம்மன்னரிடம் பணியாற்றிய அகமதுகான் 1439இல் எழுப்பிய பள்ளிவாசல் ஹம்பியில் இன்றும் நிற்கிறது. தூண்கள் தாங்கும் மண்டப அமைப்பில் கட்டப்பட்ட அதனை அங்குள்ள கல்வெட்டு தருமசாலை என்கிறது. அதன் புண்ணியம் மன்னருக்கு ஆகுக என்றும் கூறுகிறது.

நம் மொழியே இதற்குச் சான்று பகரும். ராவுத்தர் என்பது குதிரை வீரரைக் குறிக்கும் சொல். இன்று தமிழ் முஸ்லிம்களில் ஒரு பெரும் பிரிவினரின் பெயர். அந்தச் சொல்லாலேயே அருணகிரிநாதர் மயிலேறும் முருகனை விளித்தார். கடவுளை அழைக்கத் தகுந்த சொல்லாக அதனை அவர் கருதினார் என்றால், அக்காலத் தமிழர் நெஞ்சில் குதிரை வீரனுக்கு இருந்த இடம் விளங்கும். செஞ்சி வட்டாரத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் காவல் நிற்கும் முத்தால ராவுத்தன் ஒரு முஸ்லிம் வீரன். அவன் நிற்கும் இடம் வாயில். அவன் தொழில் காவல்.

செஞ்சி என்றதும் தேசிங்குராஜன் நினைவு வருவது இயல்பு. 1714இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையை எதிர்த்து மாண்ட அந்த இளைஞனின் கதையைத் தெருக்கூத்தும் கதைப்பாடலும் இன்றளவும் சுமந்து வருகின்றன. தில்லி பாதுஷாவிடம் எவரும் அடக்க முடியாதிருந்த குதிரையை அவன் சிறுவயதிலேயே அடக்கினான் என்பது கதை. அவனோடு உயிர் துறந்த தோழன் மகபத்கான் தன் திருமணப் பந்தலிலிருந்து எழுந்து போர்க்களம் புகுந்தான் என்பதும் கதை. மதிலுக்கு வெளியே நவாபின் படை. உள்ளே தேசிங்கின் பக்கத்தில் மகபத்கான். இதில் யார் எந்தப் பக்கம் என்று பிரிப்பது?

பேரன் நெடுநேரம் பேசவில்லை. பின்பு எழுந்து போய், வெளியே நின்ற குதிரை வீரர்களில் இருவரை எடுத்துக் கோட்டைக்குள் வைத்தான். எதிர்வீட்டுப் பிள்ளை சற்று யோசித்து, மதில்மேல் நின்ற வில்லாளரில் இருவரை எடுத்து வெளியே நிறுத்தினான்.

ஆற்றங்கரையில்

அந்தக் குதிரைகளின் காலம் எங்கே முடிந்தது என்பதைக் காட்ட நெடுந்தொலைவு போக வேண்டியிருக்கவில்லை. மந்தைவெளியிலிருந்து அடையாற்றங்கரை நடந்து செல்லும் தூரம். பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றிய 1746ஆம் ஆண்டில், நவாப் அன்வருத்தீன்கானின் மைந்தர் மஹ்பூஸ்கான் ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட படையோடு இவ்வாற்றின் வடகரையில் நின்றார். பாரடி என்பவரின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படையில் இருந்தோர் ஏறத்தாழ 1,000 பேர். அவர்களிலும் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். ஆற்றைக் கடந்து வந்து வரிசையாக நின்று சுட்ட துப்பாக்கிகளின் முன் நவாபின் பெரும்படை சிதறியது. அந்நாட்களின் செய்திகளைப் புதுவையிலிருந்து ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் தமிழில் எழுதி வைத்தார். அதன்பின் குதிரையையும் வில்லையும் நம்பி ஓர் அரசு இந்நாட்டில் நிலைக்க முடியாது என்பது உறுதியாயிற்று.

இன்று அங்கே பேருந்துகள் ஓடுகின்றன. பிள்ளைகள் பாலத்தின் ஓரம் நின்று ஆற்றைப் பார்த்தார்கள். நான் சொன்னவற்றில் எவ்வளவு அவர்கள் உள்ளத்தில் நின்றதோ அறியேன். கரையில் மேய்ந்த கொக்குகளை எண்ணியது மட்டும் நன்றாக நின்றிருக்கிறது.

ஆயினும் கோட்டை மாறியது. அது செஞ்சிக் கோட்டையாக வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தனர். மூன்று குன்றுகளை இணைத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளும் மதிலுக்கு, புத்தகங்களை அடுக்கித் துணி போர்த்தி மூன்று மலைகள் செய்தனர். ராஜகிரிக்கு என் பழைய தமிழ் அகராதியின் தொகுதிகளே அடிப்படை. 2025இல் யுனெஸ்கோ அமைப்பு மராட்டியப் படையரண் நிலப்பரப்புகளுள் ஒன்றாகச் செஞ்சியையும் உலக மரபுப் பட்டியலில் சேர்த்த செய்தியை ஒரு சீட்டில் எழுதி ஒட்டினர்.

அங்கவடிச் சிக்கலை அவர்களே தீர்த்தனர். வீரனைக் குதிரையிலிருந்து இறக்கிப் பக்கத்தில் நிறுத்தினர். வெற்றுச் சேணத்திலிருந்து இருபுறமும் நூல் தொங்கவிட்டு, நூலின் நுனியில் சிறு வளையங்களைக் கட்டினர். ஏறப்போகும் குதிரை; கடிவாளத்தைப் பிடித்தபடி அருகே ஒரு குதிரைக்காரன். தென்னை ஈர்க்கை வளைத்து, தையல் நூலை நாணாக்கி, தரையில் நிற்கும் வீரனுக்கு ஆளுயர வில் செய்தனர். மதில் வாயிலில் தலைப்பாகை அணிந்த ஓர் உருவம் நின்றது. யார் என்று கேட்டேன். “முத்தால ராவுத்தன். அவர் இங்கேதான் நிப்பாரு” என்றான் எதிர்வீட்டுப் பிள்ளை.

அவ்வாண்டு நவராத்திரியில் எதிர்வீட்டுக் கொலுப்படிகளின் கீழ், மணல் பரப்பி அமைத்த பூங்காவின் அருகே, அந்தச் செஞ்சிக் கோட்டைக்கு இடம் கிடைத்தது. பிள்ளையின் பாட்டி அதற்குத் தனியாக ஒரு சிறு விளக்கு வைத்தார். விஜயநகரத்தில் இதே ஒன்பது நாள்களிலேதான் அரசர் அணிசெய்த குதிரைகளைப் பார்வையிட்டதைப் பயஸ் என்னும் போர்த்துகீசியப் பயணி கிருஷ்ணதேவராயர் காலத்தில் கண்டு எழுதினார் என்பதை அந்த அம்மையாரிடம் சொன்னேன். “அப்ப சரியான எடத்துலதான் வச்சிருக்கோம்” என்று சொல்லிச் சுண்டல் கொடுத்தார்.

மாணவச் செல்வங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுவே. வரலாற்றை இரு நிரைகளாக நிறுத்துவது எளிது. பொம்மையும் அதைத்தான் செய்கிறது. பல வேளைகளில் மேடையும் அதைத்தான் செய்கிறது. அந்நேரத்தில் நீங்கள் சிறு பொருள்களைப் பற்றிக் கேளுங்கள். இந்தக் குதிரை எந்தத் துறைமுகத்தில் இறங்கியது? அதற்குக் கொள்ளு வைத்தவர் யார்? லாடம் அடித்தவர் யார்? இந்த வில்லைப் பிடிக்க இவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? இக்கேள்விகளுக்கு விடை தேடிப் புறப்பட்டால் கல்வெட்டும் இலக்கியமும் பயணக் குறிப்பும் உங்கள் கைக்கு வரும். உங்கள் வீட்டிலும் அண்டை வீட்டிலும் உள்ள பிள்ளைகள் கேட்கும்போது, சான்றோடு விடை சொல்லும் ஆற்றலும் வரும். தமிழ் படித்தவர்கள் செய்ய வேண்டிய பணிகளுள் அதுவும் ஒன்று என்பது என் துணிபு.